கப்பல் பட்டியலில் அவள் பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் மிகுந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை காலையில் நான் எடுக்கும் தமிழ் வகுப்புக்கு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வருகிறார். அறுபதை நெருங்குபவர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு, பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய தாள் ஒன்றை என் முன் வைத்தார். மெட்ராஸிலிருந்து, டர்பன் அடங்கிய அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றமான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பலொன்றின் பட்டியல். அதில் ஒரு பக்கத்தின் நகல். ஒப்பந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று பத்தி பத்தியாக இருந்தது. பென்சிலால் அடிக்கோடிட்ட வரி அவருடைய கொள்ளுப்பாட்டியுடையது. வயது 19. ஊர்ப் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருந்தார். அதை நல்ல தமிழில் எழுதித் தரும்படி கேட்கத்தான் கொண்டுவந்திருந்தார்.

ஊரைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகும் அவர் தாளை எடுக்கவில்லை. மேல் வரியிலும் கீழ் வரியிலும் இருந்தவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்கள். உடன் வந்தவர் என்று யாரையும் குறிக்கவில்லை. "தனியாகவா வந்தாள் அந்த ஆயா?" என்று கேட்டார். அவர் வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் கூடும் கல்யாண மண்டபங்களிலும் கோயில் கூட்டங்களிலும் ஒரு பேச்சு ஓயாமல் கேட்கிறது. நம் பெண்கள் வழிவழியாக வீட்டோடு இருந்தவர்கள், அண்மைக் காலத்தில்தான் வெளியே போய்ச் சம்பாதிக்கிறார்கள், அதனால்தான் கூட்டுக் குடும்பமும் தமிழும் போயின என்பது அந்தப் பேச்சு. மேடையில் பேசுகிறவர்கள் இதை வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நாட்டில் நடந்தது வேறு. நம் பெண் கரையிறங்கியபோதே கூலிக்காரி. அவளை வீட்டுக்குள் வைத்தது பிறகு வந்த ஏற்பாடு, அதுவும் ஓரிரண்டு தலைமுறைக்குத்தான்.

1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது ட்ரூரோ என்ற கப்பல். மெட்ராஸிலிருந்து 342 பேரை ஏற்றி வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸ் வழியாக வந்த தமிழரும் தெலுங்கருமே. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் வீதம் கப்பலில் இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. அந்தக் கணக்கு நிறைவடையாமல் கப்பல் புறப்படுவது கடினம். அதனால் ஆள்பிடிக்கும் தரகர்கள் பெண்களைத் தேடி அலைந்தார்கள். கைம்பெண்கள், கணவன் கைவிட்டவர்கள், 1876-78 பஞ்சத்தில் ஊரும் உறவும் இழந்தவர்கள் எனப் போக்கிடம் இல்லாத பெண்கள் கப்பலேறினார்கள். எல்லோரும் ஏமாந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இருந்த இடத்தைவிடப் போகும் இடம் மேல் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கைப் போடும் துணிவு 19 வயதுப் பெண்ணுக்கு இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. பொழுது விடிவதற்குள் சமைத்து, கைக்குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போனவளுக்குக் கிடைத்தது 5 ஷில்லிங். 1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தும் இந்தியாவுக்குத் திரும்பாமலோ மறுபடி ஒப்பந்தம் எழுதாமலோ இருப்பவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றது அது. பின்னர் 16 வயதான மகன்களும் 13 வயதான மகள்களும்கூட இந்த வரிக்குள் வந்தார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். மாதம் 5 ஷில்லிங் வாங்கிய பெண்ணுக்கு அது ஓராண்டுக் கூலி முழுவதும். பெண்ணின் உழைப்பைப் பாதியாக எடை போட்ட அதே அரசு, வரி என்று வந்ததும் அவளை ஆணுக்குச் சமமாக்கியது. பதின்மூன்று வயதிலேயே மகளைப் பெரியவளாகக் கணக்கில் எழுதிக்கொண்டது.

ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டன. ஆண் நிலம் குத்தகைக்கு எடுத்தான். பெண் விதைத்து, தண்ணீர் சுமந்து, பறித்து, கூடையில் தலைச்சுமையாக வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றாள். மெல்ல மெல்லக் கையில் காசு சேர்ந்தது. அதோடு ஒரு கௌரவக் கவலையும் சேர்ந்து வந்தது. தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் கூலிப் பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எழுதியும் பேசியும் வந்தார்கள். அந்தப் பழியைத் துடைக்க நம் ஆண்கள் கண்ட வழி, பெண்ணை வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது. சபைகள் பிறந்தன, கோயில்கள் எழுந்தன, அண்ணன் தம்பிகள் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தார்கள். மாமியார் கையில் சாவிக்கொத்து. வயதுக்கு வந்த பெண்ணின் படிப்பு அத்தோடு நின்றது. டர்பனில் இந்தியப் பையன்களுக்கான உயர்நிலைப் பள்ளியாகிய சாஸ்திரி கல்லூரி 1929இல் திறந்தபோதும், பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பிய வீடுகள் மிகச் சில. இன்று நாம் 'மரபு' என்று சொல்லும் குடும்பம் இந்தக் காலத்தில் உருவானது. அதில் அன்பு இருந்தது, பாதுகாப்பு இருந்தது; நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் வயது மிகக் குறைவு.

பெண்ணின் சொந்தப் பெயரும் அந்தக் காலத்தில்தான் போனது. காந்தியின் தலைமையில் நடந்த 1913 போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத திருமணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்பது அதன் சாரம். ஒரே நாளில் தாலி கட்டிய பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்த சத்தியாக்கிரகத்துக்குள் பெண்கள் வந்தது இதன் பிறகுதான். ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வாழ்ந்த பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள். ஆறு பேர் கையில் பால்குடிக் குழந்தை. டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், 3 பவுண்டு வரியைப் பற்றிப் பேசித் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சுரங்கத்தில் மூண்டது கரும்புத் தோட்டங்கள் வரை பரவி ஏறத்தாழ 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பரில் எல்லையை நோக்கி நடந்த பேரணியில் 2,037 ஆண்களோடு 127 பெண்களும் 57 குழந்தைகளும் இருந்தார்கள்.

இவ்வளவும் செய்த அந்தப் பெண்களின் பட்டியலைப் பாருங்கள். திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி முருகேச பிள்ளை. அவர்களைப் போற்றி எழுதியவர்களே அப்படித்தான் எழுதினார்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பதைக் குடும்பத்தார் காத்து வைத்ததால் அறிகிறோம். மற்றவர்களில் பலரைக் கணவன் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். கூலியாக வந்தபோது கப்பல் எழுத்தர்கூட அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதினார். மதிப்புக்குரிய மனைவியான பிறகு அந்தப் பெயர் காணாமல் போயிற்று. மணமாகாத தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நமக்கு நிலைத்தது. ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவள், சிறையில் பிடித்த காய்ச்சலோடு விடுதலையாகி 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். அவள் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தத் தாய்மார்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ஒழித்தது. ஒரு கணவன், ஒரு மனைவி என்ற அளவில் நம் திருமணங்களைப் பதிவுசெய்ய வழியும் செய்தது. வெற்றிதான். ஆனால் அந்தப் பதிவுத் தாளில் ஒரு முள் இருந்தது. இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் பொதுச் சட்டத்தில் 'கணவனின் அதிகாரம்' என்ற கோட்பாடு இருந்தது. திருமணத்துக்கு முன்பே தனி ஒப்பந்தம் எழுதி விலக்கிக்கொண்டாலொழிய, சட்டப்படி மணந்த மனைவி மைனருக்கு ஒப்பானவள். கணவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் எழுத முடியாது, தன் பெயரில் வழக்குத் தொடுக்க முடியாது, குடும்பச் சொத்தை நிர்வகிக்க முடியாது. நம் சமூகத்தில் வழக்கறிஞரிடம் போய் முன்ஒப்பந்தம் எழுதியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1984இல் வந்த திருமணச் சொத்துச் சட்டம்தான், அதற்குப் பிறகு நடந்த நம்மவர் திருமணங்களில் இந்த அதிகாரத்தை ஒழித்தது. பழைய திருமணங்களுக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயிலில் மட்டும் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் இருந்தவளுக்கோ இந்தக் கட்டு இல்லை. ஆனால் கணவன் உயில் எழுதாமல் இறந்தால் அவளுக்கு எதுவும் இல்லை. பதிவு செய்தால் மைனர், செய்யாவிட்டால் அயலாள். எழுபது ஆண்டுகள் நம் பெண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்தார்கள்.

பதிவு செய்யாதவள் அயலாள் என்ற அந்த இரண்டாவது பள்ளம் இன்னும் முழுவதும் தூரவில்லை. 2007இல், இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு பெண் விவாகரத்து கேட்டு டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் ஏற்காத திருமணத்துக்கு விவாகரத்து தர இயலாது என்று நீதிமன்றம் மறுத்தது. 2008இல் அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. அவரும் கோயில் சடங்கு மட்டும் நடந்து மணந்தவர். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள 'வாழ்க்கைத் துணை' என்ற சொல்லுக்குள் இவரும் அடங்குவார் என்று நீதிமன்றம் சொன்னது. 1913 தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 95 ஆண்டுகள். கணவன் இறந்தால் பங்கு உண்டு, உயிரோடிருக்கும்போது பிரிந்தால் வழக்காட வழியில்லை என்ற நிலை இன்னும் முற்றாக மாறவில்லை. பெண்ணைப் பெற்றவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: ஐயரை அமர்த்தும்போதே, அவர் அரசு நியமித்த திருமண அதிகாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தொழிற்சாலைக் காலம். என் பார்வையில் நம் குடும்பங்களை மாற்றியதில் இதற்கு நிகரான காலம் வேறில்லை. 1950இல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று அரசு கோடு கிழித்தது. காட்டோ மேனர், மேகஸின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வர்த்திலும், பின்னர் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தார்கள். காய்கறித் தோட்டம் போயிற்று. நகராட்சி கட்டிய சிறு வீட்டில் நான்கு அண்ணன் தம்பி குடும்பங்கள் எப்படி இருக்கும்? ஆளுக்கொரு வீடாகப் பிரிந்தார்கள். வாடகை தனி, மின்கட்டணம் தனி, ஊருக்குள் போய்வர பஸ் கட்டணம் தனி. ஒருவர் சம்பளம் போதவில்லை. கூட்டுக் குடும்பத்தை உடைத்தது நிறவெறி அரசின் புல்டோசர். பழி மட்டும் வேலைக்குப் போன மருமகள் தலையில் விழுந்தது.

டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் அப்போது இந்தியப் பெண்களைத் தையல் எந்திரத்தில் அமர்த்த ஆயிரக்கணக்கில் எடுத்தன. என் அம்மாவும் அப்படிப் போனவர். நாலரை மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, உருளைக்கிழங்குக் கறி வைத்து, டப்பாக்களில் அடைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவார். சட்டைக் காலருக்கு மட்டும் பதினெட்டு ஆண்டுகள் தையல் போட்டார். முழுச் சட்டை ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் பழுப்பு நிறச் சம்பள உறை வரும். அதன் மேல் அச்சில் அவர் பெயர் இருக்கும். அந்த உறையைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்த காலமும் எனக்குத் தெரியும். பிரித்து எண்ணி, பள்ளிக் கட்டணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொடுத்த காலமும் தெரியும். எந்த வெள்ளிக்கிழமை அது மாறியது என்று அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன். காலி உறைகளை அம்மா வீசியெறியவில்லை. அவர் போன பிறகு, சாமி அலமாரியின் அடித்தட்டில் ரப்பர் போட்டுக் கட்டிய கட்டாக அவை கிடைத்தன.

தமிழ் போனதும் இந்தக் காலத்தில்தான் என்பது உண்மை. ஆயாவும் அம்மாவும் நாள் முழுவதும் வீட்டில் இருந்தவரை அடுப்படியில் தமிழ் இருந்தது. ஆயா பெரியப்பா வீட்டோடு வேறு தெருவுக்குப் போனார், அம்மா தொழிற்சாலைக்குப் போனார், பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போயிற்று. வீடு காலியாக இருந்த அந்தப் பத்து மணி நேரத்தில் மொழி நழுவியது. ஆனால் அதற்குத் தாயைக் குற்றம் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அப்பாவுக்கும் தமிழ் தெரியுமே, அவர் ஏன் சொல்லித்தரவில்லை? பள்ளியில் தமிழுக்கு இடமில்லாமல் செய்தது யார்? இன்று இந்த நாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர்களிலும் கற்றுக்கொள்பவர்களிலும் பெண்களே மிகுதி. போன மொழியைத் தேடிக்கொண்டு வருகிறவர்களும் அவர்கள்தான்.

அந்தத் தையல் எந்திரங்கள் இப்போது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. 1994க்குப் பிறகு இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் இருந்த கோட்டா முறை முடிந்தது. சீனத் துணி வந்து குவிய, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் அந்தச் சம்பளம் அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. மகள்களைப் பள்ளி முடிக்க வைத்திருந்தது. 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு திறந்தது. இனவாரியாகப் பிரிக்கத் திறந்ததுதான்; அதனால் பலர் அதை வெறுத்தார்கள், நியாயமான வெறுப்பு. ஆனாலும் வீட்டிலிருந்தே போய்வரும் தூரம் என்பதால் பெற்றோர் மகள்களை அனுப்பினார்கள். 1972இல் அது வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியபோது வகுப்பறைகளில் பெண்களும் இருந்தார்கள். ஆசிரியைகள், நர்ஸுகள், மருந்தாளர்கள், வழக்கறிஞர்கள் அங்கிருந்து வந்தார்கள்.

அவர்களுக்கு முன்னே தனியாக நடந்தவர்களும் உண்டு. குணரத்தினம் நாயுடு, மக்கள் வாயில் டாக்டர் குணம், 1928இல் எடின்பரோவுக்குக் கப்பலேறி மருத்துவம் படித்துத் திரும்பினார். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர் அவர். 1946 ஜூனில் இந்தியரின் நிலவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது முன்னணியில் நின்று சிறை சென்றார். தம்பி நாயுடுவின் பேத்தி சாந்தி நாயுடு, 1969இல் கைதாகி 371 நாள் காவலில் இருந்தார். தோழர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, அக்கம்பக்கத்தார் திரட்டித் தந்த பணத்தில் சட்டம் படித்தார். வெள்ளையர் அலுவலகம் எதுவும் வேலை தரவில்லை. 1967இல் தானே அலுவலகம் திறந்தார். 1995இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில் அவர் இருந்த அமர்வு 1998இல் வழங்கிய தீர்ப்பு, வன்புணர்ச்சியும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று முதன்முறையாக நிலைநாட்டியது. 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமைகள் ஆணையர். அந்தப் பஸ் ஓட்டுநரின் தெருவார் போட்ட சில்லறை எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 1996 அரசியலமைப்பு பால் சமத்துவத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறது. 1998இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. மகனுக்கும் மகளுக்கும் வாரிசுரிமை ஒன்றே. ஆனால் இங்கே யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்பதால், வீடு மகனுக்கு, நகை மகளுக்கு என்று எழுதும் பழக்கம் போகவில்லை. கடைசிக் காலத்தில் தாய் யார் வீட்டில் இருக்கிறார் என்று பார்த்தால், பல இடங்களில் அந்த மகளின் வீட்டில்.

வீட்டு வேலையின் பங்கீடு மிக மெதுவாகவே நகர்கிறது. 2020 ஜனவரி முதல், 2025 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றும் வரை, தகப்பனுக்குப் பத்து நாள் விடுப்பு இருந்தது. அந்தப் பத்து நாளையும் எடுக்கத் தயங்கிய ஆண்களை அறிவேன். படித்த பெண்ணின் கையை விடுவித்தது பல வீடுகளில் கணவன் அல்ல; குவாமாஷுவிலிருந்தோ உம்லாசியிலிருந்தோ இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வரும் ஸூலுப் பெண்மணி. அவருடைய சொந்தப் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டுப் பணியாளர்கள் வேலையில் காயமடைந்தால் இழப்பீடு பெறும் உரிமை, 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அரைக் கூலி வாங்கிய ஆயாவின் பேத்திகளாகிய நாம், நம் வீட்டில் வேலை செய்பவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. மனைவி மட்டுமே கணவனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம், கணவன் மனைவியின் பெயரை எடுக்க முடியாது என்றிருந்த சட்டப்பிரிவு செல்லாது என்றது. கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று தகப்பன் வழிப் பட்டங்களையே குடும்பப் பெயராகக் கொண்ட நம் சமூகத்தில் யார் இதைப் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சு மட்டும் தொடங்கிவிட்டது.

அந்த நர்ஸ் அம்மாவின் மகளுக்குப் போன மாதம் கல்யாணம். மவுண்ட் எட்ஜ்கோம் பக்கம் ஒரு மண்டபம். முந்தின நாள் நலங்கு, மறுநாள் காலையில் தாலி. ஐயரே திருமண அதிகாரியும் என்பதால், கும்பத்துக்குப் பக்கத்தில் சிறு மேசை போட்டுப் பதிவேட்டை வைத்திருந்தார்கள். நலங்கு மஞ்சள் இன்னும் போகாத விரலால் மணப்பெண் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். எந்தப் பெயரில் போட்டாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் அம்மா பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, கொள்ளுப்பாட்டியின் ஊர்ப் பெயரைத் தமிழில் நான் எழுதித் தந்த தாளை மகள் சட்டம் போட்டு மாட்டப்போகிறாள் என்றும், அதில் கிழவியின் பெயரையும் மேலே பெரிதாக எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார்.